வாடிப் பூனைக்கு ஒரு வீடு

"எதையும் எதிர்பாராத அன்பு வேண்டுமா? ஒரு பூனை வளர்த்துப் பார்" என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். தோழிகளின் கைத்தொலைபேசிகளைத் திறந்தால் முகப்பில் ஒரு பூனை சிரிக்கிறது. கொழும்பில் சடை மயிர்ப் பாரசீகப் பூனைக் குட்டிகளைப் பெருந்தொகை கொடுத்து வாங்குகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். பூனையை விரும்பாதவர்கள்கூட அந்த வாசகத்தை மறுப்பதில்லை. எனக்கு மட்டும் அதில் ஒரு சந்தேகம் உண்டு. நிபந்தனையற்ற அன்பைப் பூனை நமக்குத் தருகிறது என்பது பாதி உண்மைதான். அந்த அன்பைப் பூனை நம்மிடம் கேட்கிறது என்பதே மீதிப் பாதி. அதைக் கொடுக்கப் பழகிய வீடு, பூனை இல்லாத நேரத்திலும் நல்ல வீடாக இருக்கும். இதுதான் என் கருத்து. அதைக் காசுக்கு வாங்கிய பூனையிடமிருந்து கற்பதைவிடக் கைவிடப்பட்ட ஒரு பூனையிடமிருந்து கற்பது மேல் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாயாறு என்ற பெயரைக் கேட்பவர்கள் நாயைத்தான் நினைப்பார்கள். ஆனால் அந்தக் கரையில் கால் வைத்தவர்களின் கண்ணில் முதலில் படுவது பூனைகள். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குப் போகும் வீதியில் அளம்பிலையும் செம்மலையையும் தாண்டினால், ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் பெருங்கடலுமாக நாயாறு வரும். சோளகக் காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். அவர்களுடைய வாடிகளும் எழும்பும், ஊர் மீனவர்களுடைய வாடிகளும் இருக்கும். இந்தக் கரை யாருக்கு என்ற வழக்குப் பெரியது. அதைப் பெரியவர்கள் பேசட்டும். நான் பேச வந்தது, எந்த வாடி யாருடையது என்று பாராமல் எல்லா வாடிக்குள்ளும் வாலை உயர்த்திக்கொண்டு நுழைகிறவற்றைப் பற்றி.

மீன் காயும் இடத்தில் பூனை சேரும். வாடியில் வலை இருக்கும். வலையை எலி கடித்தால் ஒரு நாள் உழைப்பு போய்விடும். ஆகவே வாடிக்காரர்கள் பூனையை விரட்டுவதில்லை. மீன் தலை, குடல், வலையில் நசிந்த சூடை என்று அவற்றுக்குக் குறைவில்லாத சாப்பாடு. பங்குனி, சித்திரையில் மூன்று நான்காக இருந்த பூனைகள் ஆவணி, புரட்டாதிக்குள் பத்துப் பதினைந்தாகிவிடும். பிறகு வாடைக் காற்று எழும்புகிறது. வாடிகள் கலைகின்றன. தகரமும் கிடுகும் கட்டி ஏற்றப்படுகின்றன. வலையும் இயந்திரமும் லொறியில் போகின்றன. பூனைக்கு லொறியில் இடம் கிடைப்பது அபூர்வம். கார்த்திகை, மார்கழி மழையில் வெறும் கரையில் அவை மிஞ்சி நிற்கின்றன. பல மாதங்களாக மனிதக் கையிலிருந்து உண்டு பழகியவை, அந்தக் கை எங்கே போனது என்று தெரியாமல் அலைகின்றன.

இதில் யாரையும் கொடியவர் என்று சொல்ல நான் வரவில்லை. பருவத்துக்குப் பருவம் வீட்டையே தூக்கிக்கொண்டு நகர்கிற மனிதருக்குப் பூனையையும் தூக்குவது எளிதல்ல. ஆனால் விளைவு பூனைக்கு ஒன்றுதான்.

என் வாப்பா நாயாற்றில் மீனும் கருவாடும் எடுத்து விற்பவர். பூனைக் காப்பகம் என்று பெயர்ப்பலகை போட்ட இடம் எதையும் அவர் அங்கே கண்டதில்லை. ஆனால் கருவாடு காயவைக்கும் ஓர் ஆச்சி இருக்கிறார். மழைக்காலத்தில் பெரிய பானையில் குறுணல் அரிசியையும் மீன் தலையையும் சேர்த்து அவித்து, ஆறவைத்து, தகரத் தட்டில் கொட்டுவார். பத்துப் பன்னிரண்டு பூனைகள் சுற்றி நின்று தின்னும். சம்பளம் வாங்காத ஒரு மனுசியும் ஒரு பானையும், அவ்வளவுதான் நாயாற்றின் காப்பகம். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் அந்த ஆச்சி வாப்பாவிடம், "தம்பி, உங்கட பிள்ளையளுக்கு ஒண்டைக் கொண்டு போங்கோவன். கடுவன் குட்டியளை எல்லாரும் கொண்டு போட்டினம். பெட்டைக் குட்டி எண்டு இதை மட்டும் ஒருத்தரும் கேக்கினமில்லை" என்றிருக்கிறார். வாப்பா ஒரு பழைய கருவாட்டுப் பெட்டியில் துளை போட்டு அதைக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் அதற்குச் சூடை என்று பெயர்.

சூடை வந்த அன்றே எங்கள்மீது அன்பைப் பொழிந்தாள் என்று எழுதினால் அது பொய். முதல் பத்து நாட்களும் அவள் அலுமாரிக்குக் கீழேயே கிடந்தாள். நாங்கள் வைத்ததை நாங்கள் தூங்கிய பிறகே தின்றாள். தங்கை கையை நீட்டியபோது சீறினாள். "இதுவா எதிர்பார்ப்பில்லாத அன்பு?" என்று ராத்தா சிரித்தா. நியாயமான கேள்விதான்.

பூனைக்கும் மனிதனுக்குமான உறவு நிபந்தனையில்தான் தொடங்கியது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மேற்காசியாவில் மனிதன் தானியம் விளைத்துச் சேமிக்கத் தொடங்கியதும் களஞ்சியத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில், மனிதன் ஒருவனுக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. எலி பிடிக்க வந்தது எப்போதோ தோழமையாக மாறியிருக்கிறது. நாயாற்று வாடியில் இன்றும் நடப்பது அந்தப் பழைய கதைதான். வலையைக் காத்தால் மீன் தலை உண்டு.

அதற்காகப் பூனையிடம் இருப்பது வயிற்றுப் பாசம் மட்டுமே என்று முடிவுகட்டவும் முடியாது. 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனைக் குட்டிகளை வளர்ப்பவர்களிடமிருந்து இரண்டு நிமிடங்கள் பிரித்துவைத்து, அவர்கள் திரும்பி வந்ததும் குட்டிகள் என்ன செய்கின்றன என்று கவனித்தார்கள். ஏறத்தாழ 64 வீதமான குட்டிகள் வளர்ப்பவரைக் கண்டதும் பதற்றம் தணிந்து, மீண்டும் நிம்மதியாகச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. தாயைப் பிரிந்து சேர்ந்த மனிதக் குழந்தைகளிடம் காணப்படும் அளவும் கிட்டத்தட்ட இதுவேயாம். அதே ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள், பூனைகள் தம் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்று காட்டினார்கள். 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, நாம் பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கி இமைத்தால் அதுவும் அவ்வாறே பதில் சொல்கிறது என்றது. சூடையிடம் நான் இதைச் செய்து பார்த்தேன். மூன்றாம் நாள் அவள் பதிலுக்கு இமைத்தாள். அதன்பின் அலுமாரிக்குக் கீழே இருந்து வெளியே வந்தாள்.

ஆக, பூனையின் அன்புக்கு நிபந்தனை உண்டு. என்னைப் பயமுறுத்தாதே, என் பசியை மறக்காதே, என்னை விட்டுவிட்டுப் போகாதே என்ற மூன்றுதான் அவை. இந்த மூன்றையும் நிறைவேற்றுபவருக்கு வேறு எந்த நிபந்தனையும் இல்லாத அன்பு கிடைக்கிறது. நம் வயதுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பதைப் பெற்றோர் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். சாதாரண தரத்தில் எத்தனை ஏ, உயர்தரத்தில் எந்தப் பிரிவு, இசட் புள்ளி எவ்வளவு, நிறம் எப்படி, சமையல் தெரியுமா, யாருடைய மகள் என்ற கேள்விகளுக்கு நடுவே வளர்கிறவர்கள் நாங்கள். பெறுபேறு வந்த அன்று வீட்டில் எல்லோருடைய முகமும் மாறும். பூனையின் முகம் மட்டும் மாறாது. அது மூன்று ஏ எடுத்தவளின் காலிலும் உரசும், மூன்று பாடமும் சித்தியடையாதவளின் காலிலும் உரசும். இதைக் கேட்டு, பூனைக்கு விளங்காததால்தான் என்று சிரிப்பவர்கள் இருக்கலாம். விளங்கியவர்களும் சில நாட்களுக்கு அப்படி நடந்துகொண்டால் என்ன குறைந்துவிடும்?

மறுபக்கம் இருப்பது நாம் கொடுக்கவேண்டிய அன்பு. அதில் நமது மார்க்கம் நமக்குத் தெளிவான அளவுகோலைத் தந்திருக்கிறது. ஒரு பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு கொடுக்காமல், அது பூமியில் திரியும் சிறு பிராணிகளைத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் அதற்காகவே தண்டிக்கப்பட்டாள் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. தாகத்தில் தவித்த நாய்க்குத் தன் பாதணியில் நீர் மொண்டு கொடுத்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்ததும் அதே கிரந்தங்களில் உண்டு. அபூ கதாதா (ரழி) அவர்கள் தாம் வுழூ செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்தார்கள். அதை வியப்போடு பார்த்த மருமகள் கப்ஷாவிடம், பூனை அசுத்தமானதல்ல, உங்களைச் சுற்றித் திரிபவற்றுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். அதிக ஹதீஸ்களை அறிவித்த ஸஹாபியை நாம் அவருடைய சொந்தப் பெயரால் அழைப்பதில்லை, பூனைக்குட்டியோடு சேர்த்து அபூ ஹுரைரா என்றே அழைக்கிறோம். நபியவர்கள் முஅஸ்ஸா என்ற பூனையை வளர்த்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் கதைக்கு ஹதீஸ் கிரந்தங்களில் ஆதாரம் இல்லை. அந்தக் கதை நமக்குத் தேவையும் இல்லை. ஆதாரமுள்ளவையே போதுமானவை.

நான் இவற்றிலிருந்து விளங்கிக்கொள்வது இதுதான். அந்தப் பெண் பூனையை நேசிக்கவில்லை என்பதற்காகத் தண்டிக்கப்படவில்லை. தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு கைவிட்டதற்காகவே தண்டிக்கப்பட்டாள். பூனையைக் கொஞ்ச வேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பொறுப்பில் எடுத்த உயிர் அமானிதம். மனம் மாறினாலும் அமானிதம் மாறாது. நிபந்தனையற்ற அன்பு என்று பெரிய சொல்லால் நாம் சொல்வதன் சின்ன வடிவம் இதுதான்: பிடித்த நாளிலும் பிடிக்காத நாளிலும் தட்டில் சோறு இருக்க வேண்டும்.

விலை கொடுத்து வாங்குவதைப் பற்றியும் ஒரு சொல். பூனையின் விலையை நபியவர்கள் கண்டித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் ஓர் அறிவிப்பு உண்டு. பூனை விற்பனை கூடுமா, கூடாதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த விவாதத்துக்குள் நுழையும் தகுதி எனக்கில்லை. கரையில் நனைந்துகொண்டு நிற்கும் குட்டி இலவசமாக இருக்கையில், கூண்டில் இருப்பதை ஏன் காசு கொடுத்து எடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

கைவிடப்பட்ட பூனைகளைப் பராமரிப்பது மேல்நாட்டு நாகரிகம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. 1260 முதல் 1277 வரை ஆட்சி செய்த மம்லூக் சுல்தான் ழாஹிர் பைபர்ஸ், கெய்ரோ நகரின் வடக்கே தமது பள்ளிவாசலுக்கு அருகில் இருந்த தோட்டமொன்றை ஆதரவற்ற பூனைகளுக்காக எழுதிவைத்தார். 19ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், தோட்டம் கைமாறிக் கைமாறிப் போன பின்னரும், காழியின் பொறுப்பில் நீதிமன்ற முற்றத்தில் பிற்பகலில் பூனைகளுக்கு உணவு வைக்கப்படுவதையும் அவை கூட்டமாகக் கூடுவதையும் எழுதியிருக்கிறார். கொடுத்தவர் மறைந்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பூனைக்குச் சாப்பாடு போயிருக்கிறது. அந்த வழியில் வந்த நாம் குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் விடுகிறோம்.

நமது அயலவரிடமும் கற்க உண்டு. கிளிநொச்சி மாவட்டத்தின் இயக்கச்சியில் ஆறு திருமுருகன் அவர்களின் சிவபூமி அறக்கட்டளை கட்டாக்காலி நாய்களுக்கென ஒரு சரணாலயத்தை அமைத்தது. போரில் இவ்வளவு இழந்த மண்ணில் நாய்க்கும் ஓர் இடம் வேண்டும் என்று எண்ணியது பெரிய மனம். அதே வேளை, எந்தச் சரணாலயமும் எல்லா உயிரையும் ஏற்றுவிட முடியாது. சரணாலயம் இருக்கிறது என்ற தைரியத்தில் கைவிடுகிறவர்கள் கூடினால் அதுவும் ஒரு நாள் நிரம்பிவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு பூனை என்பதுதான் நிரம்பாத காப்பகம்.

இனி, பலரும் பேசத் தயங்கும் விடயத்துக்கு வருகிறேன். சந்தையிலும் பள்ளிவாசல் மதிலோரத்திலும் பாடசாலை வாசலிலும் கிடக்கும் குட்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? அவற்றுள் அதிகமானவை பெட்டைக் குட்டிகள். கடுவனை வைத்துக்கொண்டு பெட்டையைக் கொண்டுபோய் விடுவது நம் ஊர்களில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். கண் திறக்காத குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்து, பெட்டை என்றதும் "ம்ஹூம்" என்று சாக்கைத் தேடுகிறார்கள். சூடையை வாப்பா கொண்டுவந்தபோது உம்மாவும், "பெட்டையா? வருசத்துக்கு ரெண்டு மூணு தரம் குட்டி போடுமே, அதை யார் பாக்கிறது?" என்றுதான் கேட்டா. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பெட்டைப் பூனை ஐந்து ஆறு மாதத்திலேயே கருத்தரிக்கும். சுமார் இரண்டு மாதத்தில் குட்டி போடும். ஒரு தரத்துக்கு நான்கு குட்டி என்பது சாதாரணம். அவற்றிலும் பெட்டைகள் இருக்கும். கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

ஆனால் அந்தக் கணக்குக்கு விடை சாக்கு அல்ல. பெட்டைப் பூனைக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யலாம். ஒரு தடவை செய்தால் போதும். மார்க்கத்தில் இது கூடுமா என்ற ஐயம் உம்மாவுக்கும் வந்தது. ஊர் மௌலவியிடம் கேட்டோம். தேவையும் இருந்து, பிராணிக்குத் துன்பம் நேராமல் செய்யவும் முடியுமானால் அனுமதித்த அறிஞர்கள் உண்டு என்று சொன்னார். ஐயமுள்ளவர்கள் தமது ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். சூடைக்கு மிருக வைத்தியர் அதைச் செய்தார். மறுநாள் பின்னேரமே சுவரில் ஏறிவிட்டாள். பிறந்த குட்டியைக் கரையில் விட்டுப் பட்டினியில் சாகவிடுவதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது இரக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெண்பிள்ளைகள் மட்டும் படிக்கும் ஒரு கல்லூரியின் சஞ்சிகையில் இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டை என்பதற்காக மட்டும் ஓர் உயிரைச் சாக்கில் போடுவதைச் சின்ன வயதிலேயே பார்த்து வளரும் ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறார்கள்? நாம் பூனைக்குச் செய்வதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எதிர்ப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது, "மனுசருக்கே சோறில்லாத ஊரில் பூனைக்கு என்ன?" என்பது. 2022இல் அரிசி விலையும் மண்ணெண்ணெய் வரிசையும் எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் நாயாற்று ஆச்சியிடம் என்ன சொத்து இருக்கிறது? கொடுப்பதற்கு வசதி வேண்டும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்களாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். ஒரு பூனைக்கு விலை கூடிய பைக்கற் உணவு தேவையில்லை. நமது மீன் முள், தலை, கொஞ்சம் சோறு என்று பெரும்பகுதி வீட்டிலேயே இருக்கிறது.

இரண்டாவது நோய்ப் பயம். இது தள்ளிவிடக் கூடியதல்ல. விசர்நாய்க்கடி நோய் பூனையாலும் பரவும். ஆகவே வீட்டுக்கு எடுக்கும் பூனைக்கு மிருக வைத்தியர் சொல்லும் வயதில் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். எந்தப் பூனை கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சள் பூசிவிட்டு இருந்துவிடக் கூடாது. கர்ப்பிணித் தாய்மார் பூனையின் மலம் அள்ளும் வேலையை மற்றவரிடம் விட வேண்டும். பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுக்கவே கூடாது, ஒரு வில்லைகூட அதைக் கொன்றுவிடும். வெங்காயமும் அதற்கு நஞ்சு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசுப்பால் வயிற்றோட்டத்தைத் தரும், தண்ணீரே போதும். இவ்வளவையும் அறிந்து வளர்த்தால் பயப்பட அதிகம் இல்லை.

மூன்றாவது எதிர்ப்பு எங்கள் வீட்டிலேயே இருந்தது. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. உம்மும்மா பிறந்து வளர்ந்தது நீராவிப்பிட்டியில். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது அவவும் பிள்ளைகளோடு புத்தளம் போய்ச் சேர்ந்தா. வீட்டில் ஒரு பூனையும் சில கோழிகளும் இருந்தன. "அரிசிப் பானையைத் திறந்து முத்தத்தில வச்சிட்டு வந்தன். அது எத்தினை நாளைக்குக் காணும்?" என்பா. அதற்குமேல் அதைப் பற்றிப் பேசமாட்டா. புத்தளத்து முகாமில் இருந்த வருடங்களில் பிள்ளைகள் எத்தனை தடவை குட்டி கொண்டுவந்தும் வளர்க்க விடவில்லையாம். "இன்னொருக்கா விட்டுட்டு வர எனக்கு ஏலா" என்பதுதான் காரணம். சூடையையும் அவ தொடவில்லை. சில மாதங்கள் கழித்து, மஃரிப் தொழுது முடித்து முஸல்லாவில் இருந்தவவின் மடியில் சூடை தானாகவே ஏறிச் சுருண்டாள். உம்மும்மா அவளை இறக்கிவிடவும் இல்லை, தடவவும் இல்லை. இஷா வரை அசையாமல் இருந்தா.

நாயாற்று ஆச்சியும், போரின் இறுதிக் காலத்தில் கட்டியிருந்த மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டு நடந்தவர் என்று வாப்பா சொன்னார். வன்னியில் இப்படி ஒரு கதை இல்லாத வீடு எந்தச் சமூகத்திலும் இல்லை. விட்டுவிட்டு வந்தவர்களும் நாம், விடப்பட்டவர்களும் நாம். எங்கே போகிறோம் என்று தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கட்டாயத்தால் விட்டுவந்ததற்கு யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இப்போது நம்மைத் துரத்துபவர் யாருமில்லை. இப்போது விடுவது நம் விருப்பம்.

1907ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் மிருகங்களுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதில் விதிக்கப்பட்ட அதிகபட்சத் தண்டம் நூறு ரூபா. அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. இன்று நூறு ரூபா ஒரு பொருட்டே அல்ல. சட்டம் வந்து நம்மைத் திருத்தும் என்று காத்திருப்பதில் பயனில்லை. சாக்கைக் கட்டுவதா, விடுவதா என்பது வீட்டு முற்றத்தில் தீர்மானிக்கப்படுகிறது.

ஆகவே நான் கேட்பவை சிறியவை. பூனை வேண்டுமென்று ஆசைப்படும் தோழியர், கடைக்குப் போகுமுன் ஊர்ச் சந்தையையும் துறைமுகத்தையும் வாடிகளையும் ஒரு தரம் பாருங்கள். கடுவன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். படம் எடுத்துப் போடுவதற்காக எடுக்காதீர்கள். பூனை பத்துப் பதினைந்து வருடங்கள் வாழக்கூடியது. நீங்கள் பல்கலைக்கழகம் போன பிறகு, மணமுடித்துப் போன பிறகு யார் பார்ப்பார்கள் என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். பேச முடியாவிட்டால் எடுக்காதீர்கள். எடுக்காமல், வாசலில் ஒரு சிரட்டையில் தண்ணீர் வைப்பதும் ஸதக்காதான்.

பெற்றோரிடம் கேட்பது இன்னொன்று. பிள்ளை நனைந்த குட்டியோடு வாசலில் நிற்கும்போது, "முதல்ல உன்ட பாடத்தப் பாரு" என்று சொல்லுமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அவள் பாடத்தை விட்டுவிட்டு வரவில்லை. இன்னொரு பாடத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்திருக்கிறாள். வளர்க்க முடியாது என்றால் காரணத்தைச் சொல்லுங்கள், வேறு வீடு தேட உதவுங்கள். சாக்கை மட்டும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

நமது கல்லூரி மன்றங்களும் ஒன்று செய்யலாம். வருடம் ஒரு முறை மிருக வைத்தியரை அழைத்துத் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் ஒரு நாளை ஒழுங்கு செய்யலாம். சிரமதானம் செய்கிறோம், மரம் நடுகிறோம், இதுவும் அந்த வரிசையில் வரட்டும். வாடி கலையும் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் ஒரு செய்தி அனுப்பினால், கொண்டுபோக முடியாத குட்டிகளைப் பெட்டியில் வைத்துக் கொடுக்க அந்த மக்களும் மறுக்க மாட்டார்கள். விட்டுவிட்டுப் போவதில் அவர்களுக்கும் மகிழ்ச்சி இருக்காது.

எதிர்பார்ப்பில்லாத அன்பு எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவர்கள் அதைக் கொடுத்துப் பார்க்கட்டும். ஒரு தட்டுச் சோறு, ஒரு சிரட்டைத் தண்ணீர், விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்ற ஒரு உறுதி. இந்த வருடமும் ஐப்பசியில் வாடைக் காற்று எழும்பும். ஆச்சியின் பானைக்கு முன் நிற்கும் பூனைகளில் ஒன்றையாவது குறைக்க நம்மில் யாராவது முன்வர வேண்டும்.